மைக்கைத் திறக்கத் தயங்கும் மாணவர்கள்

இணையவழியில் மொழி கற்பிக்கும் எனக்கு, மாணவர்களின் முதன்மையான இடர்ப்பாடாக இணைய வேகமோ பாடப்பொருளின் பற்றாக்குறையோ தோன்றுவதில்லை. அகராதி, காணொளி, செயலி என எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன; பேசுவதற்கான வாய்ப்புதான் அரிதாக இருக்கிறது, அது கிடைக்கும்போதும் தயக்கம் வந்து நாக்கைக் கட்டிப்போடுகிறது.

இதற்கு மாணவர்களின் கூச்சம் மட்டுமே காரணமன்று. நேருக்கு நேர் பேசும்போது கேள்விக்கும் விடைக்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக 200 மில்லிநொடி அளவிலேயே இருக்கிறது என்பதைப் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இணைய அழைப்பிலோ, குரல் மறுமுனையைச் சென்றடையவே சில வேளைகளில் அவ்வளவு நேரம் பிடித்துவிடுகிறது; ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சொல்லைத் தேடி, இலக்கணத்தைச் சரிபார்த்து, மைக்கைத் திறந்து ஒரு மாணவர் பேசத் தொடங்கும்போது இன்னொருவரும் தொடங்கியிருப்பார். ‘நீங்கள் சொல்லுங்கள்’, ‘இல்லை, நீங்களே சொல்லுங்கள்’ என்று இருவரும் தத்தம் தாய்மொழியில் விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவருமே பேசாமல் போவது வழக்கமான காட்சி.

அயல்மொழி வகுப்பில் எழும் அச்சத்தை 1986இல் ஆராய்ந்த ஹார்விட்ஸ் குழுவினர், பேசுவதில் உள்ள பதற்றம், தேர்வு பயம், பிறர் குறைவாக மதிப்பிடுவார்களோ என்ற அச்சம் ஆகிய மூன்றோடும் அதைத் தொடர்புபடுத்தினார்கள். திரைவழி வகுப்பு மூன்றாவதைப் பெரிதாக்கிவிடுகிறது என்பது என் கணிப்பு. தடுமாறும் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேச வேண்டியிருப்பது நேர்வகுப்பில் இல்லாத தொல்லை. தன் முகம் தெரியும் அந்தக் கட்டத்தை மறைக்கும் வசதி பல மென்பொருள்களில் இருந்தும், என் மாணவி ஒருவர் திரையின் மூலையில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டிவைத்துக்கொள்கிறார். அதன்பின் அவருடைய வாக்கியங்கள் நீண்டன.

கேமராவை அணைத்துவைப்பதும் ஒருவகைச் சமாளிப்புதான். அதை நான் கண்டிப்பதில்லை. எல்லா விடைகளையும் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்தே வகுப்பைக் கடத்திவிடும் மாணவர்தான் எனக்குக் கவலை தருகிறார். கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியில் பயின்ற, ஆங்கிலம் பேசும் குழந்தைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் தேர்ந்திருந்தும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகளைத் தொடர்ந்து செய்ததை மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எடுத்துக்காட்டினார். உள்வாங்குவது மட்டும் போதாது, மொழியை வெளிப்படுத்தவும் வேண்டும் என்பது அவர் வாதம். இன்று மொழிபெயர்ப்புக் கருவி பக்கத்துச் சாளரத்திலேயே திறந்திருப்பதால், தட்டச்சில் வரும் விடை மாணவருடையதுதானா என்பதும் ஐயத்துக்குரியது.

பயன் தரும் உத்திகளைப் பெரும்பாலும் மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள். வகுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பாக இருவர் இருவராக அலைபேசியில் அழைத்து, அன்றைய பாடத்தை ஒட்டி எதையாவது பேசி நாக்கைப் பழக்கிக்கொள்ளும் வழக்கம் ஒரு குழுவில் தானாக உருவானது; திருத்த யாரும் இல்லாத அந்தப் பேச்சில் பிழைகள் மலிந்திருக்கும் என்றாலும், முதல் வாக்கியத்தைச் சொல்லும் அச்சம் வகுப்புக்கு முன்பே கழிந்துவிடுகிறது. இன்னும் சிலர் ஒரு பத்தியை அலைபேசியில் வாசித்துப் பதிந்து, மூல ஒலிப்பதிவை ஒரு வரி, தம் குரலை ஒரு வரி என மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். தன் குரலைக் கேட்பது முதலில் எவருக்கும் கூச்சமாகவே இருக்கும். ஆனால் குறிலை நெடிலாக இழுப்பதையும் சொல்லின் தவறான இடத்தில் அழுத்தம் கொடுப்பதையும் நான் சுட்டிக்காட்டுவதைவிட விரைவாக அவர்களே பிடித்துவிடுகிறார்கள். இடையே ஒரு சிறு குறிப்பு: ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பல கருவிகளில் காதில் விழும் ஒலியின் தரம் குறைந்துவிடும், ‘ஸ’ போன்ற உரசொலிகளை வேறுபடுத்திக் கேட்கத் திணறுபவர்கள் கம்பியுள்ள ஹெட்செட்டைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவில் தங்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டிவிட்டார். சொற்களை மனத்தில் பதிக்க அந்த முறையிலான செயலிகள் போதும். ஒரு நாள்கூட விடுபடாத தொடர்ச்சியைக் காப்பாற்றுவதே குறிக்கோளாகிவிட்டால்தான் சிக்கல்.

ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக நீட்டினால் விடைகள் நீண்டு செறிவடைகின்றன என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் அறிவியல் வகுப்புகளில் கண்டார். தாமதமும் மைக் பொத்தானும் குறுக்கிடும் இணையவழி மொழி வகுப்புக்கு அந்த மூன்று நொடியும் போதாது. அதனால் மாணவர்களின் வேண்டுகோளின்படி, யாருக்குப் பின் யார் பேசுவது என்ற வரிசையை இப்போது வகுப்பின் தொடக்கத்திலேயே அரட்டைப் பெட்டியில் எழுதிவிடுகிறேன். தம் முறை நெருங்குவது தெரிவதால் மைக்கை முன்கூட்டியே திறந்துவைத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் பேசும்போது கவனிக்காமல் தம் விடையையே மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள் என்பது இதிலுள்ள குறை. அதற்காகவே, முந்தையவர் சொன்னதிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் தம் விடையைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறேன்.