மூன்று துயரங்களுக்கும் ஒரே ஒலி

விண்வெளியைக் களமாகக் கொண்ட ஓர் இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டில், வணிகம் செய்துவந்த ஒரு வேற்றுக்கிரகவாசியிடம் நான் மூன்று பணிகளைப் பெற்றேன். முதல் பணியில், தன் மகனைக் காணவில்லை என்று அவர் கலங்கினார். இரண்டாவதில், கடனைத் திருப்பித் தராத ஒருவனை மிரட்டிவிட்டு வரச் சொன்னார். மூன்றாவதில், மகனின் உடலைக் கொண்டுவந்து சேர்த்ததற்காக நன்றி கூறினார். திரையின் அடியில் ஓடிய துணைத்தலைப்புகள் அவ்வாறுதான் கூறின. காதில் விழுந்ததோ மூன்று முறையும் ஒரே ஒலித்துண்டு: தொண்டையில் தொடங்கி, நடுவில் ஒரு கணம் தயங்கி, மூக்கொலியில் முடியும் அதே நான்கு விநாடிப் பேச்சு. அன்று முதல் அந்த இனத்தார் வாய் திறந்தபோதெல்லாம் நான் எண்ணத் தொடங்கினேன். 11 துண்டுகள் வரை கிடைத்தன. எத்தனை மணி நேரம் சுற்றியும் பன்னிரண்டாவது கிடைக்கவில்லை.

இதைச் சிறு குறை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. பொருள் தெரியாத பேச்சைக் கேட்கும் காது சும்மா இருப்பதில்லை. எந்த ஒலி எந்தச் சூழலில் திரும்ப வருகிறது என்று அது தன்னையறியாமலே கணக்கு வைத்துக்கொள்கிறது. குழந்தை பேசக் கற்பதும் அவ்வழியில்தான். ஒரே ஒலி துயரத்துக்கும் மிரட்டலுக்கும் நன்றிக்கும் வரும்போது, இங்கே பொருள் என்று எதுவும் இல்லை என்ற முடிவுக்குக் காது வந்துவிடுகிறது. அந்த முடிவு மொழியோடு நிற்பதில்லை, பேசுபவரையும் சேர்த்துக்கொள்கிறது. மகனை இழந்த தந்தையாக இருந்தவர் அந்தக் கணத்திலேயே, விசையை அழுத்தினால் ஒலிக்கும் பொம்மையாகிவிடுகிறார். அதன்பின் துணைத்தலைப்பு எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை.

விளையாட்டுகளை உருவாக்குவோர் ஏன் இவ்வழியை நாடுகிறார்கள் என்பது விளங்காத ஒன்றல்ல. பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2011 டிசம்பரில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ விளையாட்டில், விளையாடுபவரின் பாத்திரமும் எதிரில் நிற்பவரும் குரல் கொடுத்தே பேசிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தொடக்கத்தில் அதில் 8 கிளாஸ்கள், அதாவது விளையாடுபவர் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகைகள், இருந்தன, ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்குரல், ஒரு பெண்குரல். ஆக, நம் பாத்திரத்துக்கு மட்டும் 16 குரல்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று மொழிகளில் வெளியிட்டதால் அதுவே 48 பதிவுத் தடங்களாகப் பெருகுகிறது. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வசன வரிகள் பதிவான அந்த உழைப்பைக் கின்னஸ் சாதனைப் புத்தகமும் ஏற்றுக்கொண்டது. இத்தகைய சுமைக்கு நடுவே, வேற்றுலக மொழியில் பதிவு செய்த ஒலி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். அதை எல்லாப் பதிப்புகளிலும் அப்படியே வைத்துவிடலாம். மாற வேண்டியது துணைத்தலைப்பு ஒன்றுதான். கதையை எழுதுபவர் கடைசி வாரத்தில் வசனத்தைத் திருத்தினாலும், நடிகரை மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்க வேண்டியதில்லை.

முழுக் குரல்பதிவு இன்னொரு விலையையும் கேட்கிறது. அதைப் பற்றி ஏனோ குறைவாகவே பேசுகிறோம். இந்த விளையாட்டில் நம் குரல், கிளாஸோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, இனத்தோடு அல்ல. ட்விலெக், சிஸ் போன்ற வேற்றுலக இனத்தவர் ஆனாலும் மனிதர் ஆனாலும், ஒரே கிளாஸைச் சேர்ந்தவர்கள் ஒரே குரலில், ‘பேசிக்’ என்று அவ்வுலகில் வழங்கும் பொதுமொழியில்தான் பேசுவார்கள். பொதுமொழி பேச இயலாத வூக்கி இனத்தவராக நாம் விளையாட வழியில்லை. அதற்கு இடம் தருவதென்றால், நாயகனின் வசனம் முழுவதையும் உறுமலில் இன்னொரு முறை பதிவு செய்தாக வேண்டும். நாம் யாராக இருக்கலாம் என்பதை ஒலிப்பதிவின் செலவு தீர்மானித்துவிடுகிறது. ஆயினும், கடத்தல்காரர் கிளாஸில் துணையாக வரும் பௌடார் என்னும் வூக்கியோடு நடக்கும் உரையாடல்கள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. அவர் தம் மொழியில் உறுமுவார். நாம் நம் மொழியில் பதில் சொல்வோம். ஒருவர் மொழியை மற்றவர் பேசாமலேயே இருவருக்கும் எல்லாம் விளங்கும். நெடுநாள் பழகிய இரண்டு பேருக்கிடையே உள்ள நெருக்கத்தை அந்த ஏற்பாடு விளக்கம் ஏதுமின்றி உணர்த்திவிடுகிறது.

குரல்கள் வருவதற்கு முன்பு, எழுத்து மட்டும் இருந்த காலத்தில், இதே சிக்கலுக்கு வேறு விடைகள் இருந்தன. 1999 மார்ச்சில் தொடங்கிய ‘எவர்க்வெஸ்ட்’ விளையாட்டில், வாள் வீசுவதைப் போலவே மொழியும் ஒரு திறனாக இருந்தது. அதை 100 புள்ளிகள் வரை வளர்க்கலாம். நமக்குத் தெரியாத மொழியில் ஒருவர் சாட்டில் எழுதினால், அது நம் திரையில் சிதைந்த எழுத்துகளாகத் தெரியும். அவரோடு ஒரே குழுவில் இருந்து கேட்கக் கேட்கத் திறன் ஏறும். திறன் ஏற ஏறச் சிதைவு குறையும். இதற்கெனவே சிலர், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பும் மேக்ரோவை எழுதி வைத்துக்கொண்டு, பிறருக்கு மொழி கற்றுக்கொடுத்தார்கள். ட்ரோல் என்னும் இனத்துப் பாத்திரமாக விளையாடிய, முன்பின் அறியாத ஒருவர் எனக்காக ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவிட்டது நினைவிருக்கிறது. முதலில் குப்பைபோல் தெரிந்த வரியில் ஒரு சொல் தெளிந்தது; பிறகு அதன் பக்கத்துச் சொல்; பிறகு வரி முழுவதும். ‘ஆற்றங்கரையில் தனியாக நிற்காதே’ என்றே அவர் அவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மொழிக்கு இலக்கணம் இல்லை, சொற்களஞ்சியம் இல்லை. பொதுமொழியின் எழுத்துகளைக் கலைத்துக் காட்டும் ஒரு கணக்கு மட்டுமே இருந்தது. ஆனாலும் கற்றுக்கொண்டேன் என்ற உணர்வு மெய்யானது. பொறுமையும் தோழமையும் தந்தால்தான் புரிதல் கிடைக்கும் என்ற விதி, உண்மையான மொழிகளின் விதியே அல்லவா?

2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அலையன்ஸ், ஹோர்டு என்னும் இரு தரப்பும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே அங்கே மொழிகள் வைக்கப்பட்டன. எதிர்த் தரப்பினர் எழுதும் ஒவ்வொரு சொல்லும், அதே எண்ணிக்கையில் எழுத்துகள் கொண்ட வேறொரு சொல்லாக மாற்றிக் காட்டப்படும். அதே சொல்லுக்கு எப்போதும் அதே மாற்றுச்சொல்தான். சிரிப்பைக் குறிக்க ஹோர்டு தரப்பினர் ‘லோல்’ என்று எழுதினால், அலையன்ஸ் தரப்பினரின் திரையில் அது ‘கெக்’ என்று விழும். இது மொழி அல்ல, திரைச்சீலை. ஆனால் விளையாட்டாளர்கள் அந்தத் திரைச்சீலையிலும் ஓட்டை கண்டார்கள்: பகைவர்கள் வெல்லும்போதெல்லாம் ‘கெக்’ வருவதைப் பார்த்து, அதுவே சிரிப்பு என்று ஊகித்தார்கள், பிறகு தாங்களே அச்சொல்லைச் சிரிப்பாக எழுதத் தொடங்கினார்கள், இறுதியில் அது விளையாட்டைத் தாண்டி இணையம் முழுவதும் பரவியது. மாறாத ஒலி, மாறாத சூழல் என்ற இரண்டும் அமைந்துவிட்டால் போதும், மக்கள் அதிலிருந்து ஒரு சொல்லை உருவாக்கிக்கொள்வார்கள். என் வணிகரிடம் இல்லாமல் போனது இந்த இரண்டும்தான்.

அதே மாதத்தில் வந்த ‘எவர்க்வெஸ்ட் 2’, நான் விரும்பும் வழிக்கு மிக அருகில் வந்தது. கிறிஸ்டோபர் லீ போன்ற பெயர்பெற்ற நடிகர்கள் அதில் குரல் கொடுத்திருந்தார்கள். அதே வேளையில், சில இனத்தாரின் பேச்சு அவர்கள் மொழியை நாம் கற்கும் வரை விளங்காததாகவே இருந்தது. குரலும் கற்றலும் ஒரே விளையாட்டில் இடம்பெற முடியும் என்பதற்கு அது சான்று. அதன்பின் வந்த பெரும்பாலான விளையாட்டுகள் குரலை எடுத்துக்கொண்டு கற்றலைக் கைவிட்டது எனக்கு இன்றளவும் வருத்தம் தருகிறது.

மெய்யான இலக்கணத்தோடு மொழியை அமைப்பது எவ்வளவு கடினம் என்பதற்குத் திரைப்படத் துறையில், ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களில் வரும் கிளிங்கன் என்னும் வேற்றுலக இனத்தாரின் மொழி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதை வடிவமைத்த மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட், செயப்படுபொருளை முதலிலும் எழுவாயை இறுதியிலும் வைத்தார். உலக மொழிகளில் மிக அரிதாகவே காணப்படும் வரிசை அது. 1985இல் அதற்கு அகராதியும் வெளிவந்தது. படப்பிடிப்பில் நடிகர்கள் தவறாக உச்சரித்தபோதும், படத்தொகுப்பில் துணைத்தலைப்பு மாற்றப்பட்டபோதும், பதிவான ஒலிக்குப் பொருந்துமாறு அவர் மொழியையே திருத்திக்கொண்டார். ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அறுந்துவிடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்னொரு குறுக்குவழி, வாழும் மொழி ஒன்றிலிருந்து ஒலிகளை எடுத்துக்கொள்வது. ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு ஒலி வடிவமைத்த பென் பர்ட், அவற்றில் ஹட் இனத்தார் பேசும் ஹட்டீஸ் மொழியின் ஓசைக்குத் தென் அமெரிக்கப் பழங்குடியினரின் கெச்சுவா மொழியை அடிப்படையாகக் கொண்டார். 1983இல் வந்த படத்தில் நியன் நன்ப் என்னும் பாத்திரத்துக்குக் கென்யாவைச் சேர்ந்த ஒருவர் தம் நாட்டு மொழியிலேயே பேசினார். அந்நாட்டுப் பார்வையாளர்களுக்கு அது நேரடியாகவே விளங்கியது. இதைப் படித்தபோது என் தாய்மொழியைத்தான் நினைத்துக்கொண்டேன். வேற்றுக்கிரகவாசி ஒருவர் திடீரென்று தமிழில் பேசினால் முதலில் மகிழ்ந்துதான் போவேன். ஆனால் அந்தச் சொற்களுக்கும் துணைத்தலைப்புக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்ததும், என் மொழி அங்கே வெறும் ஓசையாக மதிக்கப்பட்டிருக்கிறது என்பது உறைத்துவிடும். அந்நிய ஒலி வேண்டும் என்போர், அந்த ஒலியை வீட்டில் பேசி வளர்ந்தவர்களும் கேட்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

‘ஃபைனல் ஃபேன்டசி 14’ விளையாட்டின் டிராகன்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015இல் வந்த ‘ஹெவன்ஸ்வார்டு’ விரிவாக்கத்தில் அவை தமக்கென அமைந்த மொழியில் பேசுகின்றன. அதை உருவாக்கியவர் அந்த விளையாட்டின் எழுத்துப் பணியிலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்ட கோஜி ஃபாக்ஸ். டிராகன் சில சொற்களே உச்சரிக்கும்; துணைத்தலைப்போ நீண்டு செல்லும். மற்ற இடங்களில் என்னை உறுத்தும் இந்த ஏற்றத்தாழ்வு, இங்கே உறுத்துவதில்லை. நாயகருக்கு எக்கோ என்னும் ஆற்றல் உண்டு, மொழி அவருக்குத் தடையல்ல என்று கதை முன்னமே நிறுவிவிடுகிறது. அதனால், குறைவாகப் பேசி நிறையச் சொல்வது டிராகனின் முதுமைக்கும் பெருமைக்கும் பொருந்திய இயல்பாகவே காதுக்குப் படுகிறது.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் ஓக்ராண்ட் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான்கே நான்கு வேண்டும். பெயர்கள் பெயர்களாகவே ஒலிக்க வேண்டும்: துணைத்தலைப்பில் மகனின் பெயர் இருந்தால், பேச்சிலும் அந்தப் பெயர் கேட்க வேண்டும். ‘இல்லை’ என்பதற்கு மாறாத ஒரு சொல் வேண்டும். கேள்வியா கூற்றா என்பதை அறிய ஓர் அடையாளம் வேண்டும். தமிழில் ஓர் ஆகாரம் செய்யும் வேலையை அங்கே ஏதேனும் ஓர் ஒலி செய்தால் போதும். துயரத்துக்கும் சினத்துக்கும் நடிகர் தனித்தனியாகப் பேசிய பதிவுகள் வேண்டும். சொற்கள் ஒன்றாகவே இருந்தாலும் குற்றமில்லை. இவை அந்த வணிகரிடம் இருந்திருந்தால், மூன்றாவது முறை அவர் பேசத் தொடங்கியபோது, துணைத்தலைப்பைப் பார்க்காமலேயே அவருடைய மகனின் பெயரை நான் கேட்டிருப்பேன்.