ஐந்து கிலோ அரிசியும் ஒரு மஞ்சள் பையும்

என் கணவர் 2023 மே மாதம் இறந்தார். மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகில் ஏற்றுவது அவர் வேலை. படகு நின்றால் ஐஸ் நிற்கும், ஐஸ் நின்றால் கூலி நிற்கும், குடி மட்டும் நிற்காது. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரிச் சரக்கு. பஸ் காசைச் சேர்த்தாலும் நம்மூரைவிட மலிவு என்று கணக்குச் சொல்வார். அவருடைய கல்லீரல் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு. ஐஸ் உடைக்கிறவருக்கு அது கிடையாது. எனக்கு அப்போது வயது 37. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்து வரும் பணம் வாடகைக்கே பற்றாது. கடன் நாற்பதாயிரம்.

எதிர்வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவருடைய தேவாலயத்தின் அன்பியத்தில் பொறுப்பில் இருப்பவர். தெருத் தெருவாகப் பத்திருபது குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒருநாள் ஒருவர் வீட்டில் கூடிச் செபம் சொல்வார்கள். அதற்குத்தான் அன்பியம் என்று பெயர். என்னைக் கேட்காமலேயே அவர் என் பெயரை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் கொடுத்துவிட்டார். தெரிந்ததும் எனக்கு வந்தது நன்றி அல்ல, கோபம். "நாங்கள் வேதக்காரர் இல்லையே அக்கா, எதற்கு இதெல்லாம்?" என்றேன். "பசிக்கு எந்த வேதம்?" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார்.

உதவி வாங்குவது எனக்குப் புதிது அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது 18 வயதுப் பெண்ணாக வரிசையில் நின்று பாயும் பாத்திரமும் வாங்கியிருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு நின்றிருக்கிறேன். அப்போது ஊரே வரிசையில் நின்றது, யாருக்கும் வெட்கமில்லை. இப்போது வரிசையில் நான் ஒருத்தி மட்டும் நிற்பதுபோல் இருந்தது. புயல் அடித்தது என் வீட்டில் மட்டும்தானே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து அந்தச் சபையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். இன்னொருவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கையில் ஒன்றும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். பிறகு கேள்விகள்: வாடகை எவ்வளவு, அடுப்பு கேஸா விறகா, யாருக்காவது தொடர்ந்து மாத்திரை உண்டா, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா. கடன் எவ்வளவு என்றபோது பத்தாயிரம் என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நாற்பதாயிரம் என்றால் குடிகாரன் வீடு என்று நினைத்துவிடுவார்கள் என்றா? அவர்கள்தான் ஏற்கெனவே எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்களே. தபால்காரர் நோட்டில் பத்தாயிரம் என்றே எழுதிக்கொண்டார். திருத்தவில்லை.

அடுத்த ஞாயிறு ஐந்து கிலோ அரிசி, அரைக் கிலோ துவரம் பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய் கொண்டுவந்தார்கள். அந்த அரிசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பச்சரிசி, புழுங்கலரிசி, பொன்னி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. உலையில் போட்டால் ஒரு பங்கு குழைந்து கஞ்சியாகிறது, இன்னொரு பங்கு வேகாமல் நறுக்கென்று பல்லில் கடிபடுகிறது. கடையில் கழித்துப் போட்டதை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். அது பிடி அரிசி என்று அக்கா பிறகு சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்து, சேர்ந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். எத்தனை வீட்டு உலையில் குறைந்த அரிசியோ என்று தோன்றியது. அதன் பிறகு இட்லிக்கு ஊறவைத்துவிட்டேன். இட்லிக்கு அது பிரமாதம்.

மூன்றாம் வாரம் துணிந்து கேட்டேன்: "இருபதாயிரம் கிடைத்தால் கடன்காரர் வாயை அடைத்துவிடுவேன், தைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்." சைக்கிள் கடைக்காரர் சிரித்தேவிட்டார். அவர்கள் சபைக்குப் பணம் வரும் வழியைச் சொன்னார். வாராந்திரக் கூட்டம் முடியும்போது இரகசியப் பை என்று ஒரு துணிப்பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் கையை மூடி உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் போட்டார், யார் வெறும் கையை விட்டார் என்று யாருக்கும் தெரியாது. 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் தொடங்கிய நாளிலிருந்து வீடு தேடிப் போவதுதான் வேலை என்றார். இந்த வரலாறு அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் கேட்டது இருபதாயிரம், கிடைத்தது பாரிஸ்.

தபால்காரர்தான் கேட்டார்: "காகிதமெல்லாம் வைத்திருக்கிறாயா அம்மா?"

மஞ்சள் பையை எடுத்துக் கொட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அடகுச் சீட்டு, குடும்ப அட்டை, ஆதார், இறப்புச் சான்று. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் இறப்புச் சான்றில் நின்றுவிட்டார். ஆதாரில் என் கணவர் பெயர் "ராசு" என்று முடிகிறது. சான்றில் "ராஜ்" என்று இருந்தது. அவருடைய அப்பா பெயரில் ஓர் எழுத்தே விழுந்துபோயிருந்தது. "இதை வைத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள்" என்றார். முப்பது வருடம் முகவரி படித்த கண்.

மறுநாள் என்னைக் கன்னியர் மடத்தில் சமூகப் பணி பார்க்கும் ஒரு சிஸ்டரிடம் அனுப்பினார்கள். அங்கே போனதுதான் எனக்குப் பெரிய உதவி என்பேன். அந்த சிஸ்டர் ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு எதற்குப் பின் எது என்று எழுதினார். இறப்புச் சான்று திருத்தம், அதை வைத்து வாரிசுச் சான்று, பிறகு வருமானச் சான்று, ஆதரவற்ற விதவைச் சான்று, ஓய்வூதிய மனு. பக்கத்தில் தனியாகக் கோடு போட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பிள்ளைகளுக்கான நிதி ஆதரவு மனு. இறந்தவர் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டு அலைவார்கள். வரிசை தெரியாமல் அலைந்தால் ஒரே அலுவலகத்துக்கு நான்கு முறை போக வேண்டியிருக்கும். பஸ் காசும் போகும், ஒருநாள் தையலும் போகும்.

சாவு எந்த எல்லைக்குள் நடந்ததோ அங்கேதான் பதிவு. நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், பதிவோ புதுச்சேரியில். ஆக, திருத்தத்துக்கும் அங்கேதான் போக வேண்டும். கடலூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அவர் சரக்குக்குப் போன அதே பஸ், அதே முள்ளோடை. சன்னலோரம் உட்கார்ந்து கடைகளின் பலகைகளை எண்ணிக்கொண்டு போனேன். அங்கே ஓர் அலுவலகத்தில், பதிவில் உள்ளது தவறு என்பதற்கு ஆதாரமும், விவரம் அறிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழியும் கேட்டார்கள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சிஸ்டரும் சொன்னார்.

நேரே தபால்காரரிடம் வந்து, "நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்களேன்" என்றேன். ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள், இதைவிட நம்பகமானவர்கள் யார்? அவர் மறுத்துவிட்டார். "உன் கணவரை நான் பார்த்ததே இல்லை. தெரியும் என்று எப்படி எழுதுவது?" அன்று இரவு அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். ஊரில் யார்தான் பொய்க் கையெழுத்துப் போடவில்லை, ஒரு விதவைக்காகப் போட்டால் என்ன?

இரண்டு நாள் கழித்து விடியற்காலை நாலரை மணிக்கு இருவரும் துறைமுகத்தில் நின்றிருக்கிறார்கள். ஐஸ் இறக்கும் மேஸ்திரியையும், என் கணவரோடு பதினைந்து வருடம் வேலை பார்த்த ஒருவரையும் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, அரை நாள் கூலி போகும் என்றதற்கு அந்தக் கூலியையும் கொடுத்துப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள். அந்தப் பணம் இரகசியப் பையிலிருந்து வந்ததா, தபால்காரரின் பென்ஷனிலிருந்து வந்ததா, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். மூன்று நடையில் சான்று திருத்தமாகி வந்தது.

வாரிசுச் சான்றில் வேறொரு முள். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. என் மாமியார் பரங்கிப்பேட்டையில் நாத்தனார் வீட்டில் இருக்கிறார். காரியம் முடிந்த நாளில் "என் பிள்ளையைக் கொன்றவள்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய ஆதார் நகலும் ஒப்புதலும் இல்லாமல் மனு நகராது. ஒரு மாதம் அதைத் தள்ளிப்போட்டேன். சிஸ்டர்தான், "சரி, நான் வருகிறேன், வா" என்றார்.

பரங்கிப்பேட்டையில் அரை மணி நேரம் அவர் காகிதப் பேச்சே எடுக்கவில்லை. மாமியாரின் முழங்கால் வலி, கண் புரை, நாத்தனார் வீட்டில் சாப்பாடு எப்படி என்று போய்க்கொண்டே இருந்தது. நான் வாசற்படியில் நின்றேன், உள்ளே கூப்பிடவில்லை. கடைசியில் மாமியாரே கேட்டார்: "என் மகன் பெயரில் என்ன சொத்து வரப்போகிறது, என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள்?"

"சொத்து ஒன்றும் இல்லை பாட்டி. பேத்தி படிக்க வழி வரும்."

அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஆதார் அட்டை வந்தது. என்னிடம் தரவில்லை, சிஸ்டரிடம் தந்தார். கிளம்பும்போது என்னைப் பார்க்காமலேயே, "பெரியவளுக்கு மாதம் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டார். வருகிறது அத்தை என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அனுப்பி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு வழக்கமான அலைச்சல். இ-சேவை மையத்தில் சான்றுக்கு 60 ரூபாய், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர். ஒரு கையெழுத்து எங்கோ தேங்கியபோது திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன், நகர்ந்தது. விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் வரத் தொடங்கியது. பிள்ளைகளுக்கான நிதி ஆதரவு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில், ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. பெண்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எனக்கும் தெரியாது. தகப்பன் இல்லாத பிள்ளை, குடும்ப வருமானம் கிராமம் என்றால் ஆண்டுக்கு 72,000-க்குள், நகரம் என்றால் 96,000-க்குள் இருக்க வேண்டும். பள்ளியில் படிப்புச் சான்று வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்கு வந்த பெண் கடன் எவ்வளவு என்று கேட்டபோது நாற்பதாயிரம் என்று தயங்காமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைத் திண்ணையில் கிடைத்த பயிற்சி. மகளுக்கு வந்துவிட்டது. மகனுடையது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஓய்வூதியம் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வந்த பிறகு தபால்காரர் சொன்னார்: "அடுத்த மாதத்திலிருந்து அரிசி வராது அம்மா, சோனகன்சாவடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறது. நாங்கள் மட்டும் வருவோம்." முகத்தில் அடித்தாற்போல்தான் இருந்தது. ஒன்றரை வருடம் வந்த இட்லி அரிசி. ஆனால் அன்றைக்குத்தான் எழுந்துபோய் உள்ளே டீ போட்டு இரண்டு தம்ளரில் கொண்டுவந்து வைத்தேன். அதுவரை தண்ணீரைத் தவிர எதையும் அவர்கள் எங்கள் வீட்டில் வாங்கிக் குடித்ததில்லை. சைக்கிள் கடைக்காரர் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார்.

குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் இன்னும் என் கணவர்தான். பெயர் நீக்க இருமுறை மனு கொடுத்தும் ஆகவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறேன். போன ஞாயிறு தபால்காரர் மஞ்சள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இறப்புச் சான்று ஜெராக்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு போ என்றார்.