வாடையோடு தெற்கே: முதல் நாள், திருவான்மியூர் முதல் புதுச்சேரி வரை

சென்னையிலிருந்து கோடியக்கரை வரை கடலோரமாகவே தனியாகச் சைக்கிளில் போவது என்று முடிவானதும், தூரத்தைவிட முதலில் காற்றைத்தான் பார்த்தேன். அதனால்தான் ஜனவரிக் கடைசி. மழை ஓய்ந்திருக்கும், வாடை மட்டும் மிச்சமிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கும் தென்மேற்குமாக இறங்குவதால் வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். கோடை தொடங்கிவிட்டால் இதே சாலையில் மதியம் தெற்கிலிருந்து எதிர்காற்று. நாலு பேராகப் போனால் முன்னால் போகிறவரின் மறைவில் ஒட்டிக்கொள்ளலாம். தனியாக மிதிப்பவருக்கு அந்த மறைவு கிடையாது. கோடியக்கரையில் பூநாரைகள் இருக்கிற பருவமும் இதுதான்.

கேரியரின் இரண்டு பக்கமும் பை, மொத்தம் பதினோரு கிலோ. டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு எல்லாம் வலது பையில் மேலாக. கனமான பொருள்கள் பைக்கு அடியில், சக்கர அச்சுக்கு அருகில் இருந்தால் வண்டி ஆடாது. எடை முழுக்கப் பின்னால் விழுவதால் பின் டயரில் முன் டயரைவிடக் காற்று கூடுதலாக வைத்தேன்.

விடியும் முன் திருவான்மியூரிலிருந்து கிளம்பினேன். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டும்வரை சொல்ல ஒன்றுமில்லை, எப்போதும் ஓட்டுகிற வழிதான். முட்டுக்காட்டுப் பாலத்தில் வெளிச்சம் வந்தது. மாமல்லபுரத்தில் இட்லி மட்டும். பொங்கல் ஆசை காட்டியது, ஆனால் சாப்பிட்டுவிட்டு நூறு கிலோமீட்டருக்கு மிதிக்க முடியாது.

உண்மையான பயணம் அதற்கப்புறம்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்த இடங்களில் மண்ணும் ஜல்லியும் ஓரத்துக்கு வந்திருந்தன. சுமையுள்ள வண்டியை அங்கே சட்டென்று வளைக்க முடியாது. தூரத்திலேயே பார்த்து, பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியில் கவனித்து, மெதுவாக விலக வேண்டும். கைப்பிடியில் மாட்டிய அந்தச் சின்னக் கண்ணாடியை தனியாகப் போகிறவர்கள் யாரும் விடக் கூடாது.

கல்பாக்கம் தாண்டி வாயலூரில் பாலாற்றுப் பாலம். அதுவரை மரங்களும் வீடுகளும் மறைத்திருந்த கடல்காற்று இடது பக்கத்திலிருந்து பைகளில் மோதியது. பை இல்லாத சைக்கிளில் இது பெரிதாகத் தெரியாது. கியரைக் குறைத்து, தோளைத் தளர்த்தி, கைப்பிடியை இறுக்காமல் பிடித்தபோது வண்டி நேராக ஓடியது. இந்த நாளில் நான் கற்றது இதுதான்: சுமை ஏற்றிய வண்டியோடு மல்லுக்கட்டக் கூடாது.

கடப்பாக்கத்தில் தயிர் சாதம், அப்புறம் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர்கள் இடித்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிற மதில் நிழலில் காலை நீட்டிப் படுத்தேன். இந்தச் சாலையில் காரில் போகிறவர்கள் மாமல்லபுரத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு வருத்தம்.

மரக்காணத்தில் இருபுறமும் உப்பளம். மழை முடிந்து பாத்திகளைச் சரிசெய்கிற நேரம், வெள்ளைக் குவியல்கள் குறைவு, சேறு மிதிக்கிற கால்கள் அதிகம். நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை. தண்ணீர் குடிக்க நின்றபோது வரப்போரமாக வந்த ஒரு அம்மா, “துண்ட நனைச்சுத் தலையில போட்டுக்க கண்ணு, காத்து அடிக்கிறப்ப வெயில் தெரியாது” என்றார். எவ்வளவு சரி! காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடம்பு எவ்வளவு இழக்கிறது என்பது புலப்படுவதில்லை. என் கறுப்புச் சட்டையில் உப்புக் கோடுகள் படிந்திருந்தன. அங்கிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், உப்புப் போட்ட மோரோ இளநீரோ குடித்தேன்.

கடைசிப் பகுதி, காலாப்பட்டு வழியாக, வாடையின் தயவில் வேகமாக ஓடிவிட்டது. மாலை வெயில் இருக்கும்போதே புதுச்சேரி. கணக்கில் 140 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழங்காலில் வலி இல்லை, உள்ளங்கையில் மட்டும் லேசான மரப்பு. கைப்பிடியில் இன்னொரு சுற்று டேப் ஒட்டினேன், செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். நாளை கடலூர் வழியாகச் சிதம்பரம், 65 கிலோமீட்டர் அளவில்தான். முதல் நாள் நீளமாக இருந்தால் இரண்டாம் நாளைக் குட்டையாக வைப்பது என்று முன்பே திட்டமிட்டிருந்தேன். காலையில் நிதானமாகக் கிளம்பலாம்.