கொடுத்துடுறேன் என்று சொன்ன வாய்

மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அது மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய் எதை வேண்டுமானாலும் சொல்வாள். நானும் சொன்னேன். "அருளானந்தரே, இந்தப் பிள்ளை பிழைச்சா ஓரியூருக்கு நடந்தே வர்றேன். பிள்ளையை உனக்கே கொடுத்துடுறேன்." அருளானந்தர் எங்கள் பக்கத்துப் புனிதர்; ஓரியூர் அவர் கோயில் இருக்கிற ஊர்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. நெஞ்சில் சளி கட்டி, உள்ளூர் ஆஸ்பத்திரியில் "மதுரைக்குக் கொண்டுபோயிருங்க" என்று கைவிரித்த இரவு. என் மாமியார் அம்ருதாஞ்சன் பாட்டிலில் பத்திரமாக வைத்திருந்த ஓரியூர்ச் செம்மண்ணை எடுத்து, தண்ணீர் தொட்டுக் குழைத்து, பாப்பாவின் நெற்றியிலும் நெஞ்சிலும் பூசினார். மதுரைக்கும் கொண்டுபோனோம். எது மருந்தால், எது மண்ணால் என்று நான் இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை. பிள்ளை பிழைத்தது.

பிழைத்ததும் நேர்ச்சையில் பாதியைச் செலுத்தினோம். பஸ்ஸில் போய் மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டிச் சொந்தபந்தத்துக்குச் சாப்பாடு போட்டு வந்தோம். நடப்பது மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனது. 'உனக்கே கொடுத்துடுறேன்' என்றதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாத் தாயும் சொல்வதுதான். ஆனால் அவர் அதைக் குறித்து வைத்துக்கொண்டார் போல.

பாப்பா நர்சிங் முடித்த கையோடு மடத்தில் சேரப்போகிறேன் என்றாள். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், மாப்பிள்ளை ஜாதகம் தவிர எல்லாம் பார்த்துவிட்டேன் என்று பொய்கூடச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. போன வருஷம் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்தாள். சரி, மதுரையிலோ திருச்சியிலோ ஒரு ஆஸ்பத்திரியில் இருப்பாள், மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்த ஜனவரியில் போன் வந்தது. ஜார்க்கண்டில் ஒரு மலைக்கிராமம், சின்ன மருந்தகம், மொத்தமே மூன்று சிஸ்டர்கள். அங்கே பேசுவது சாத்ரியாம். அப்படி ஒரு பாஷை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அன்று இரவே முடிவு செய்தேன். அவள் ரயில் ஏறுவதற்குள் பாக்கியிருக்கிற நேர்ச்சையை முடித்துவிட வேண்டும். என் கணக்கு வேறு. பழைய கடனைத் தீர்த்தால்தானே புதிதாகக் கேட்க முடியும்?

அவளுக்குக் கிடைத்த விடுமுறையில் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன்தான் வந்து வாய்த்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ்ஸில் சருகணி வந்து, அந்த ஊரில் ஊழியம் செய்த லெவே சாமியார் கல்லறையில் ஒரு பர மண்டல மந்திரம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தோம். நான், வீட்டுக்காரர், பாப்பா, என் நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர். வெயில் தாழ்ந்ததும் நடை சுகமாகத்தான் இருந்தது. ரெண்டு பக்கமும் கருவேல மரம், அறுத்து முடித்த வயல், எங்கேயோ ஒரு கண்மாய். செபமாலை சொல்லிக்கொண்டே போனதில் திருவாடானை வந்ததே தெரியவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் பாதி வழியிலேயே என் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. லாரிக்காரர்கள் வேறு, ஓரமாக நடக்கிற ஆளைப் பார்த்ததும்தான் முழு லைட்டையும் போடுவார்கள். கண் கூசி நாத்தனார் ஒருமுறை பள்ளத்தில் காலை விட்டுவிட்டார்.

மறுநாள் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி, கறி தொடாத சுத்தபோசனம் ரெண்டும். பன்னிரண்டு மணிக்கு முன்னால் சாப்பிட்டாக வேண்டும் என்று திருவாடானைக் கடைத்தெருவில் அடைக்கப்போன கடையை நிறுத்தி இட்லி வாங்கினோம். நெற்றி நிறைய விபூதி பூசிய கடைக்காரர், "நடந்தா போறீங்க ஓரியூருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சட்னியை இன்னொரு கரண்டி ஊற்றினார். டீக்குக் காசு வாங்கவில்லை. "சிஸ்டர், எங்க வீட்டுக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்றார். பாப்பா அவர் மனைவி பேர் கேட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சு கிடக்கட்டும், என் மூட்டைத் துளைத்தது. மூன்று மணி வாக்கில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாப்பா என் செருப்பைக் கழற்றி, கொப்புளத்துக்குப் பஞ்சு வைத்துக் கட்டினாள். அந்த நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"பயமா இல்லையாடி?"

"இருக்கும்மா" என்றாள், நிமிராமலேயே. "பாஷை தெரியாது. ராத்திரி கேஸ் வந்தா டாக்டர் கிடையாது. இருக்காம எப்படி?"

"அப்புறம் ஏன் போற?"

"மோசேகூடத்தான் நான் யாரு போறதுக்குன்னு கேட்டார். அதுக்கு ஆண்டவர் நீ இன்னாரு, உன்னால முடியும்னு ஒண்ணும் சொல்லல. நான் உன்னோட இருப்பேன்னு மட்டும் சொன்னார். நானும் அதைத்தான் பிடிச்சிட்டுப் போறேன்."

நான் பதில் சொல்லவில்லை. இதெல்லாம் மடத்தில் சொல்லிக் கொடுப்பது என்று மனதுக்குள் முணுமுணுத்தேன்.

என்னை நடக்க வைப்பதற்காக அவள் அருளானந்தர் கதையை எடுத்தாள். எனக்குத் தெரியாத கதையா? ஆனால் அவர் அம்மாவைப் பற்றி நான் கேட்டதே இல்லை. லிஸ்பன் அரண்மனையோடு பழக்கமுள்ள பெரிய குடும்பம். சின்ன வயதில் பையனுக்கு நோய் முற்றியபோது அந்தம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாராம். பிழைத்ததும் ஒரு வருஷம் சேசு சபைச் சாமியார் அங்கியைத் தைத்துப் பையனுக்குப் போட்டுவிட்டாராம். அப்புறம் அதே பையன் நிஜமாகவே சேசு சபையில் சேர்ந்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறேன் என்றதும், தடுக்க எங்கெங்கோ போய் மன்றாடியிருக்கிறார்.

"பாத்தியா, அந்தம்மாவும் என்னை மாதிரிதான்" என்றேன். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

1673-இல் கிளம்பியவர் மதுரை மிஷனுக்கு வந்து, பண்டாரசாமி போலக் காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, நம் பாஷை பேசி, அருளானந்தர் ஆனார். 1686-இல் மறவ நாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்து, இனிமேல் இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். சபை அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. சின்ன வயதுத் தோழர்தான் அங்கே அரசர். இங்கேயே இரு, என் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடு என்றிருக்கிறார். எவ்வளவு நல்ல வாய்ப்பு! அம்மாவும் பக்கத்திலேயே. இருந்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். திரும்பி வந்துவிட்டார். 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அன்றைக்கும் விபூதிப் புதனாம். பாப்பா அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. நாங்களாகத் தேதி பார்த்து வரவில்லையே.

"செய்தி லிஸ்பனுக்குப் போனதும் அரசர் அந்தம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாராம். துக்க உடுப்பு உடுத்தாம, திருநாளுக்கு உடுத்துற உடுப்புல வந்தாங்களாம்."

"அவங்க பெரிய இடத்துப் பொம்பளை. நமக்கு அந்தத் தெம்பெல்லாம் வராது" என்றேன்.

விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் ஓரியூர் போய்ச் சேர்ந்தோம். புதன்கிழமை என்றாலே அங்கே கூட்டம்தான், இதில் விபூதிப் புதன் வேறு. காலடி வைத்ததுமே மெழுகுதிரிக்காரர் ஒருவர் என் கையில் அரை டஜனைத் திணித்து, வேண்டாம் என்று நீட்டினால் வாங்கமாட்டேன் என்கிறார். மொட்டை போட ஆள் பிடிக்கிறவர் என் வீட்டுக்காரரின் வழுக்கையைப் பார்த்த பிறகும் விடவில்லை. திரும்பிப் போக ஆட்டோவுக்கு ஒருவர் கேட்ட தொகைக்கு நாங்கள் ஐந்து பேரும் மதுரைக்கே போய்வரலாம். புளியமரத்தடியில் ஒரு குடும்பம் பேத்திக்குக் காது குத்தி, கிடாக்கறி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் நம் வேதம் இல்லை, அதனால் நோன்பும் இல்லை. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் சிஸ்டர்" என்று அந்த வீட்டு அப்பத்தா கையைப் பிடித்து இழுத்தார். ஒரு ராத்திரி முழுக்க நடந்த வயிற்றுக்கு அந்த வாசனை எப்படி இருந்திருக்கும்! என் நாத்தனார் மூக்கைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தார்.

பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்றார். வருஷா வருஷம் கேட்பதுதான். என் நெற்றிக்குச் சொன்னபோது ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அடுத்து நின்ற இருபத்தைந்து வயது நெற்றிக்கு அதையே சொன்னபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் செம்மண்ணிடம் வந்தோம்.

முட்டி போடவே எனக்கு ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பையன் மண்ணைக் காட்டி யாருக்கோ வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். இன்னொரு அம்மா பிளாஸ்டிக் பையில் கிலோக்கணக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் ரெண்டு கையையும் மண்ணுக்குள் விட்டேன். மேலே சூடு. ஒரு விரல்கடை கீழே போனால் ஈரம், குளிர்ச்சி. கைரேகையில் எல்லாம் சிவப்பு ஏறியது.

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்த வேண்டுதலை ஆரம்பித்தேன். ஐயா, நடந்து வந்துட்டேன். கடன் தீர்ந்தது. என் பிள்ளைக்கு அங்க ஒண்ணும் ஆகக் கூடாது, காய்ச்சல் தலைவலிகூட வரக் கூடாது, நீதான் பொறுப்பு. இந்த வாக்கை மட்டும் கொடு.

பாதியிலேயே வாய் நின்றுவிட்டது. யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? எங்கே முட்டி போட்டிருக்கிறேன்? நான் கையை விட்டிருப்பதே அவர் ரத்தம் விழுந்த இடத்தில். ஒன்றும் ஆகாது என்று அவருக்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தெரிந்துதான் திரும்பி வந்தார். முந்தின நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், சாவுக்கு ஆவலோடு காத்திருப்பதாக எழுதியிருக்கிறார் என்று பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். தனியாக விடப்பட்ட ஆள் அப்படி எழுத முடியுமா? கூட யாரோ இருந்திருக்க வேண்டும். அந்தக் கொட்டடியில், அந்தக் கடைசி ராத்திரியில், இந்த மண்ணில் முட்டி போட்டபோது.

உலக முடிவு வரை எந்நாளும் உங்களுடன் இருக்கிறேன். சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்த வசனம். எந்நாளும் என்றால் நல்ல நாளைக்கு மட்டும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. வீடியோ கால் பையன் போனை அணைத்துவிட்டு, "ஆத்தா, தண்ணி வேணுமா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பிள்ளையை மனதுக்குள் திட்டியதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பாப்பா திருவாடானைக் கடைக்காரர் வீட்டுப் பேரை உள்ளங்கையில் பார்த்துப் படித்து வேண்டிக்கொண்டிருந்தாள். என் ஐயா, அருளானந்தரே, இருபத்தைந்து வருஷம் நீர் எனக்கு இரவல் கொடுத்து வைத்திருந்தீர். பள்ளிக்கூடம் போனாள், புளியங்காய் தின்று பல் கூசினாள், என் சேலையைக் கட்டி ஆடினாள். அத்தனை நாளும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கேட்க வந்ததைக் கடைசிவரை கேட்கவே இல்லை.

ஒரு பிடி மண்ணை மட்டும் அதே அம்ருதாஞ்சன் பாட்டிலில் எடுத்தேன். மாமியார் போய் ஆறு வருஷம் ஆகிறது, பாட்டில் இருக்கிறது. பாப்பாவின் பைக்குள் வைக்கப்போனால், "பாட்டில் உங்கிட்டயே இருக்கட்டும், எனக்கு ஒரு சிட்டிகை போதும்" என்று காகிதத்தில் மடித்துக்கொண்டாள். பேரம் பேசி, அந்த ஆட்டோவிலேயேதான் திரும்பினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாண்டியனில் சென்னை போய், அங்கிருந்து ராஞ்சி ரயில். மதுரை ஜங்ஷனுக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து, அடித்தட்டில் கிடந்த என் கல்யாணக் கூறைச்சேலையை எடுத்துக் கட்டினேன். அரக்கு நிறம், கரை கொஞ்சம் இற்றுப்போயிருக்கிறது, ரவிக்கை பத்தவே இல்லை. வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் புழுக்கத்துல பட்டா? ஸ்டேஷனுக்கா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, பூ வாங்கிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

பிளாட்பாரத்தில் மற்ற சிஸ்டர்களோடு நின்றிருந்த பாப்பா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "என்னம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், கிட்டே வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். கரையைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தாள்.

"கரை இத்துப் போச்சேம்மா."

"போனாப் போகுது. ஏறு, பெட்டி எங்க இருக்குன்னு பாரு."