வளைகோட்டில் ஒரு திமில்

நிமிடத்துக்கு அரை டிகிரி. கரைசலின் சூடு 10 டிகிரியிலிருந்து 90 வரை ஏற இரண்டு மணி நாற்பது நிமிடம், திரும்ப இறங்க இன்னொரு அவ்வளவு. ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் வருடம் என் பகல்களில் பாதி இப்படித்தான் போனது.

வேலை என்னவோ சொல்வதற்கு எளிது. டிஎன்ஏவின் சிறு துண்டைக் கரைத்துக் குவார்ட்ஸ் குவெட்டில் (ஒளி ஊடுருவும் சிறு குப்பியில்) ஊற்றிச் சூடாக்கிக்கொண்டே, 260 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். (சாதாரணக் கண்ணாடி ஆகாது, அதுவே அந்த ஒளியை விழுங்கிவிடும்.) இரட்டைச் சுருளுக்குள் காரங்கள் (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள்; ஏ டி-யோடும், ஜி சி-யோடும் சோடி சேரும்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்வரை உறிஞ்சல் குறைவு. இழைகள் பிரிந்து அடுக்கு கலைந்தால் கூடும். வெப்பநிலை ஏற ஏற உறிஞ்சலைக் குறித்துக்கொண்டு போனால் நீட்டி இழுத்த எஸ் மாதிரி ஒரு கோடு கிடைக்கும். பாதிச் சுருள்கள் பிரிந்திருக்கும் வெப்பநிலைதான் உருகுநிலை.

தொந்தரவெல்லாம் சில்லறைத் தொந்தரவு. கரைசலில் கரைந்திருக்கும் காற்று 60 டிகிரிக்கு மேல் குமிழாகக் குவெட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு கோட்டைத் துள்ள வைக்கும். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மேலே மினரல் ஆயில் ஒரு சொட்டு விட வேண்டும், பிறகு அதைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிஎச்சை, அதாவது அமிலத்தன்மையின் அளவை, நிலையாக வைக்கும் கரைசல்தான் பஃபர். கையில் கிடைத்தது என்று டிரிஸ் பஃபரில் ஒரு வாரம் ஓட்டினேன். டிரிஸின் பிஎச் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.03 இறங்கும். 10இல் ஆரம்பித்த கரைசலும் 90இல் முடித்த கரைசலும் ஒன்றே அல்ல. அந்த வாரம் கணக்கில் வராது. அப்புறம் பாஸ்பேட் பஃபருக்கு மாறினேன்.

எனக்குக் கொடுத்த துண்டு பன்னிரண்டு எழுத்து: சிஜிசிஜி-ஏஏடிடி-சிஜிசிஜி. இந்தத் துறையில் இதைத் தெரியாதவர் இல்லை. 1980இல் டிக்கர்சன் குழுவினர் படிகமாக்கி, டிஎன்ஏவின் வழக்கமான வடிவமான பி-டிஎன்ஏவின் ஒரு முழுச் சுற்று எப்படி இருக்கும் என்று காட்டியது இதை வைத்துத்தான். தன் மறுபிரதியோடு தானே சோடி சேரும் வரிசை என்பதால் ஒரே இழையை வாங்கினால் போதும். ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 என்ற பழைய மனக்கணக்கு இதன் உருகுநிலை 40 டிகிரி என்று சொல்லும். உப்பையும் செறிவையும் பொருட்படுத்தாத கணக்கு அது, குத்துமதிப்புக்குச் சரி.

நான் உப்பே சேர்க்காமல், 10 மில்லிமோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) பாஸ்பேட்டில் மட்டும் ஓட்டினேன். உப்பில்லாத நிலைதான் எங்கள் ஆய்வுக்குத் தேவை என்று நினைத்ததுதான் காரணம். கோடு வந்தது. நடுவில் ஒரு சின்னத் திமில். குமிழாக இருக்கும் என்று மறுபடி ஓட்டினேன், மறுபடியும் திமில். சரி, கருவியின் மென்பொருளில் கோட்டை வழவழப்பாக்கும் பொத்தான் இருக்கிறதே என்று அதை அழுத்தினேன். ஒரு முறையில் போகவில்லை, மூன்று முறை அழுத்தினேன். குழுக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கப் போகும்போது, எங்களுக்கு மூத்த ஆய்வாளரான அக்கா கேட்டார்: "செறிவை மாத்திப் பாத்தியாப்பா?"

"இல்லக்கா."

"பாத்துட்டு வந்து சொல்லு." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும் என்று இன்றும் கொஞ்சம் கோபம் உண்டு.

இரண்டு இழைகள் சந்தித்தால்தான் சுருள் உண்டாகும். கூட்டம் அதிகமாக இருந்தால் துணை கிடைப்பது சுலபம், ஆகவே செறிவு கூடினால் உருகுநிலையும் ஏறும். இந்த அளவுத் துண்டுக்குச் செறிவைப் பத்து மடங்காக்கினால் சுமார் 5 டிகிரி ஏற வேண்டும். 1 சென்டிமீட்டர் குவெட்டில் 2 மைக்ரோமோலார், 1 மில்லிமீட்டர் குவெட்டில் 80 மைக்ரோமோலார் என்று இரண்டு எல்லை வரைக்கும் போய்ப் பார்த்தேன். வழவழப்பாக்காத கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும் விஷயம் புரிந்தது. திமிலுக்குக் கீழே இருந்த ஏற்றம் செறிவோடு நகர்ந்தது. மேலே இருந்த ஏற்றம் நின்ற இடத்திலேயே நின்றது.

நகராதது கொண்டை ஊசி. உப்பு குறைந்தால் இரண்டு இழைகளின் எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். செறிவும் குறைவு என்றால் ஒவ்வொரு இழையும் துணையைத் தேடாமல் மலைப்பாதை வளைவு மாதிரி தன்னையே மடித்துக்கொள்கிறது. முன்னாலிருக்கும் சிஜிசிஜி பின்னாலிருக்கும் சிஜிசிஜியோடு சேர, நடுவில் உள்ள ஏஏடிடி வளையமாகத் தொங்கும். தனக்குத்தானே சோடி சேர்ந்தவனுக்கு அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் இருந்தால் என்ன? சுருள் முதலில் கொண்டை ஊசியாகி, பிறகுதான் முழுதாக விரிகிறது. ஆனால் நான், சுருள் ஒரே படியில் நேராக விரிகிறது என்று வைத்துக்கொண்டு, அது பிரியத் தேவையான வெப்பத்தைக் கணக்கிட்டிருந்தேன். அந்த எண் ஏன் அவ்வளவு சின்னதாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதெல்லாம் 1980களிலேயே கண்டுபிடித்து எழுதிவைத்த சங்கதி என்பது பிறகு நூலகத்தில் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் மூன்று முறை அழுத்திய கதையையும் சேர்த்தே சொன்னேன். எங்கள் வழிகாட்டியான சார் சிரிக்கவில்லை. "மூலத் தரவு இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.

இப்போது ஒன்பதாவது எழுத்தான சி-யை டி-யாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சுருளுக்குள் இரண்டு இடத்தில் ஜி-யும் டி-யும் பொருந்தாமல் உட்காரும். 10 டிகிரியில் ஆரம்பித்தாலே கோடு ஏறிக்கொண்டிருக்கிறது, அடிக்கோட்டை (உருகத் தொடங்குமுன் இருக்க வேண்டிய சமமான கோட்டை) எங்கே வரைவது என்று தெரியவில்லை. ஒரு மாதிரி வரைந்தால் ஒரு எண், இன்னொரு மாதிரி வரைந்தால் வேறு எண். 5 டிகிரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால் குவெட்டின் வெளிப்பக்கம் வியர்க்கிறது. அதைக் காய வைக்கும் நைட்ரஜன் சிலிண்டர் வியாழக்கிழமையே காலி. திங்கட்கிழமை வருமாம்.