டாஷ்போர்டுப் பிள்ளையாரும் ஏர்பேக்கும்

ஏர்பேக் இருக்கும்போது சீட் பெல்ட் எதற்கு என்று கேட்பவர்கள் ஸ்டியரிங்கில் பொறித்திருக்கும் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துகளைக் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் எஸ் 'சப்ளிமென்டல்'. பெல்ட்டுக்குத் துணை, அவ்வளவுதான்.

மோதியதும் பை விரிய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். பெல்ட் போட்டவரை அதற்குள் ப்ரீடென்ஷனர், அதாவது மோதியதும் பெல்ட்டைச் சுருட்டி இறுக்கும் கருவி, இருக்கையோடு இழுத்துப் பிடித்துவிடும். முகம் போய்ச் சேரும்போது பை உப்பி நிற்கும். போடாதவர் பிரேக் மிதித்தபோதே முன்னால் சரிந்திருப்பார். விரியும் வேகத்திலேயே பை அவர் நெஞ்சில் அறையும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும்.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும், தொப்பையின் மேல் அல்ல. வயிற்றில் கிடந்தால் மோதலின் இழுப்பைக் குடலும் ஈரலும்தான் தாங்கும். மாட்டியபின் மேல்பட்டையை ஒருமுறை சுண்டி இழுத்துத் தொய்வை எடுங்கள். பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருப்பவர் முன்சீட்டுக்காரரின் முதுகில்தான் வந்து விழுவார்.

பெல்ட் அலாரத்தை ஏமாற்ற பக்கிளில் செருகும் வெறும் கிளிப்பை விற்பதை நிறுத்தும்படி 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான் எந்த உத்தரவும் எட்டாது.

அடுத்தது பிள்ளையார். இடப்பக்க டாஷ்போர்டில் 'ஏர்பேக்' என்று எழுதியிருக்கும் பகுதி ஒரு மூடி. பை அதைப் பிளந்துகொண்டு வரும். அதன்மேல் டபுள் சைடு டேப்பில் ஒட்டிய பித்தளைப் பிள்ளையார் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகத்துக்கே பறப்பார். பக்தி குறையவேண்டாம், மூடி இல்லாத இடத்துக்கு மாற்றினால் போதும். அந்த சீட்டில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை, ஏர்பேக்கை அணைக்காமல் வைக்கவே கூடாது. சீட்டின் வெளிவிளிம்பில் 'ஏர்பேக்' என்ற லேபிள் தைத்திருந்தால், பக்கவாட்டுப் பை அங்கிருந்துதான் வரும், அந்த இடத்தை மூடும் சீட் கவர் வேண்டாம்.

இக்னிஷனைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணையவேண்டும். அணையாவிட்டால் கோளாறு, பை விரியாமலே போகலாம். எரியவே இல்லையா? பழைய கார் வாங்கும்போது அதைத்தான் அதிகம் சந்தேகப்படவேண்டும். வெடித்த பையை மாற்றாமல், காட்டிக்கொடுக்கும் விளக்கை மட்டும் துண்டித்து விற்பவர்கள் உண்டு.