பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிரியும் வழிகள்

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு முடித்தபோது, உயிரியலா கணினி அறிவியலா என்பதைத் தவிர வேறு கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. தமிழகப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978ஆம் ஆண்டிலிருந்தே தொழிற்கல்விப் பிரிவும் உண்டு. ஆயினும், மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்து 3 ஆண்டுகளில் டிப்ளமோ முடிப்பவர், பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழைந்து மேலும் 3 ஆண்டுகளில் பட்டம் பெறலாம். மேல்நிலைப் பள்ளி வழியாகச் செல்பவருக்கும் அதே 6 ஆண்டுகள்தான் ஆகின்றன. வேறுபாடு என்னவென்றால், குடும்பச் சூழல் காரணமாகப் பாதியில் நிற்க நேர்ந்தாலும், முன்னவரின் கையில் வேலைக்கு உதவும் சான்றிதழ் ஒன்று இருக்கும்.

படிப்பில் முந்திச் செல்ல விரும்புவோருக்கும் வழி உண்டு. சென்னை ஐஐடி 2020இல் அறிவித்த தரவு அறிவியல் இணையவழிப் படிப்புக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துத் தகுதி பெற்று, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேரலாம், ஜேஇஇ நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை.

பையன் இயந்திரவியல் டிப்ளமோவைத் தேர்ந்தெடுத்தான். அக்காவுக்கு இன்னும் முழுமனதில்லை.